கெட்ட சேதி மேலே போகும் வழி

பன்னிரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும்வரை ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நிர்வாகம் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. எல்லார் காதிலும் எல்லாம் விழுந்துவிடும். பெருங்குடியில் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் நாங்கள் தொடங்கிய காலம் அப்படித்தான் இருந்தது. கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் பில் போடும் மென்பொருள் எங்களுடையது. சப்போர்ட் பார்க்கும் பெண் ஹெட்செட்டில், "மறுபடியும் அதே எரர் வருதா சார்?" என்று கேட்டால், நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் டெவலப்பர் தலையைத் திருப்புவான். அவள் போனை வைப்பதற்குள் அவன் லாக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பான். கையில் இன்னும் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்பதுகூட, நிறுவனர் ஆடிட்டரோடு பேசும் குரலிலிருந்தே எங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

ஆள் கூடக் கூட இந்த வழி அடைபட்டுப்போகிறது. ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வந்த 'தி மித்திக்கல் மேன்-மன்த்' புத்தகத்தில் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி, பத்துப் பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள 45 இணைப்புகள் வேண்டும். ஐம்பது பேருக்கு 1,225. முந்நூறு பேருக்கு 44,850. யாராலும் அத்தனை பேச்சைப் பேசி முடிக்க முடியாது. அதற்குமேல் சேதி தானாக வந்து சேராது, யாராவது சுமந்துகொண்டு வர வேண்டும்.

நல்ல சேதியைச் சுமக்க எல்லாரும் முன்வருவார்கள். கெட்ட சேதியை முதலில் கொண்டுவருகிறவருக்கு என்ன நடக்கிறது என்று மற்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த முறை வாயைத் திறக்கலாமா, மூடிக்கொள்வதா என்று முடிவுசெய்வார்கள். வளரும் நிறுவனத்தின் பண்பாடு என்று நான் நம்புவது இதைத்தான். வரவேற்பறைச் சுவரில் எழுதிவைக்கும் விழுமியங்களும் வெள்ளிக்கிழமை பீட்சாவும் டேபிள் டென்னிஸ் மேசையும் இருந்துவிட்டுப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தப்பு நடந்த அன்றைக்கு அவை எதுவும் உதவிக்கு வருவதில்லை.

எங்களுக்கு வளர்ச்சி ஜிஎஸ்டியால் வந்தது. 2016இல் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறி, இனி ஜிஎஸ்டி வருவது உறுதி என்றானதும் முதலீட்டாளர் பணம் வந்தது. ஐம்பது பேராக இருந்த நாங்கள், 2017 ஜூலை 1 வருவதற்குள் நூற்றைம்பதைத் தாண்டிவிட்டோம். பழைய சந்திலிருந்து கிளம்பி, துரைப்பாக்கத்தில் இரண்டு தளங்கள் எடுத்தோம். சப்போர்ட் கீழ்த்தளத்துக்குப் போனது, டெவலப்மென்ட் மேல்தளத்துக்கு. பெங்களூரிலிருந்து ஒரு துணைத் தலைவர் வந்தார். வாராந்தரக் கூட்டம் ஆங்கிலத்துக்கு மாறியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டிய ஒரு எக்செல் ஷீட்டில் எல்லா வேலைகளின் நிலவரமும் வர ஆரம்பித்தது.

ஜூன் கடைசி வாரக் கூட்டத்தில் அந்த ஷீட் முழுக்கப் பச்சை. கூட்டம் முடிந்து காபி மெஷின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். டெஸ்டிங் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பக்கத்தில் வந்து நின்றாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமம், தமிழ் மீடியம், பாலிடெக்னிக் படிப்பு.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? பாண்டிச்சேரி வேற ஸ்டேட்டுதானே?"

"ஜிஎஸ்டிக்கு வேறதான். ஏன்?"

"எங்க மாமா கடை அங்கதான் இருக்கு. பின்கோடு 605. விழுப்புரமும் 605தான் அக்கா. நம்ம சாஃப்ட்வேர் ரெண்டையும் தமிழ்நாடுன்னே எடுத்துக்குது."

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. மாநிலத்துக்குள் விற்றால் வரியைச் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் ஐஜிஎஸ்டி. இரண்டில் எது என்பதை எங்கள் மென்பொருள் வாங்குபவரின் பின்கோடை வைத்து முடிவுசெய்தது. 60இல் தொடங்கினால் தமிழ்நாடு என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் அந்த 60க்குள்தான் வருகின்றன. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சரக்கு அனுப்பும் ஒவ்வொரு வியாபாரியின் பில்லிலும் வரி தப்பான தலைப்பில் விழுந்திருக்கும். அப்படி விழுந்தால் சரியான தலைப்பில் மறுபடி பணம் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திருப்பித் தரச் சொல்லி அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். சின்ன வியாபாரிக்கு அந்தப் பணம் மாதக்கணக்கில் முடங்கும்.

"மீட்டிங்ல ஏம்மா சொல்லல?"

"எல்லாரும் இங்கிலீஷ்ல வேகமா பேசிட்டிருந்தாங்கக்கா. நான் யோசிச்சு வாயத் திறக்கறதுக்குள்ள அடுத்த பாயின்ட்டுக்குப் போயிட்டாங்க. அதுவுமில்லாம சார் ஆல் கிரீன்னு சொன்னதுக்கப்புறம் நான் எப்படி இல்லைன்னு சொல்றது?"

அவளை அழைத்துக்கொண்டு நேரே நிறுவனர் அறைக்குப் போனேன். அவர் கூட்டத்தை அப்போதே திரும்பக் கூட்டினார். அவளைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார். துணைத் தலைவருக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொல்லி முடித்ததும் நிறுவனர், "இத இன்னைக்குச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிம்மா. ரிலீஸுக்கு அப்புறம் கண்டுபிடிச்சுச் சொல்லியிருந்தாலும் இதே நன்றியச் சொல்லியிருப்பேன்" என்றார். நான் சொல்ல வந்தது முழுக்க அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. ரிலீஸை நிறுத்தினோம். பின்கோடைத் தூக்கிவிட்டு, ஜிஎஸ்டி பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்கும்படி மாற்றினோம். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. பதிவு எண் இல்லாத வாடிக்கையாளர் என்றால் மாநிலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது. இரண்டு நாள் வேலை.

அதன்பின் கூட்டங்களின் ஒழுங்கை மாற்றினோம். பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதிப் பகிர வேண்டும், முதல் பத்து நிமிடம் எல்லாரும் அமைதியாக அதைப் படிக்க வேண்டும். பேச்சு இளையவரிடமிருந்து தொடங்க வேண்டும், மூத்தவர் கடைசியில்தான். துணைத் தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வரும் கருத்துகள் எல்லாம் அதன் நிழலில்தான் நிற்கும். யாரும் தமிழில் பேசலாம், மொழிபெயர்க்க ஒருவர் இருப்பார். சில மேனேஜர்களுக்கு இது பிடிக்கவில்லை. "ப்ரொஃபஷனலா இல்ல" என்றார்கள். ஓஎம்ஆர் சாலையின் இரு பக்கமும் இருக்கும் அலுவலகங்களில் விஷயம் தெரிந்தவர் ஒருவர், ஆங்கிலம் தெரிந்தவர் இன்னொருவர் என்ற நிலையை நாள்தோறும் பார்க்கலாம். அதனால் எவ்வளவு அறிவு வீணாகிறது என்பதைக் கண்ணால் கண்டவள் நான். ஜோஹோ நிறுவனம், பள்ளிப் படிப்பு முடித்தவர்களையும் டிப்ளமோ படித்தவர்களையும் எடுத்துப் பயிற்சி கொடுத்து, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகமே வைத்து மென்பொருள் செய்ய முடியும் என்று காட்டிய பிறகும், ஆங்கிலச் சரளத்தைத் திறமை என்று எண்ணும் பழக்கம் நம்மை விடவில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு.

மேனேஜர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வளரும் நிறுவனத்தில் முதல் மேனேஜர் எப்படி உருவாகிறார்? நன்றாகக் கோட் எழுதுகிறவரைப் பிடித்து, "இனி இந்த எட்டுப் பேரை நீங்க பார்த்துக்கங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவுதான். கூகுள் 2002 வாக்கில் மேனேஜர்களே வேண்டாம் என்று சில மாதம் நடத்திப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பிறகு 'ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்' என்ற ஆய்வில், நல்ல மேனேஜரிடம் காணப்படும் எட்டுக் குணங்களை வரிசைப்படுத்தினார்கள். தொழில்நுட்பத் திறன் அந்த வரிசையில் எட்டாவதாக வந்தது. ஆளுக்குக் கற்றுக்கொடுப்பது முதலாவது.

இன்டெல்லின் ஆண்டி குரோவ் 1983இல் எழுதிய புத்தகத்தில், ஒன்-ஆன்-ஒன் சந்திப்பு என்பது கீழே வேலை பார்க்கிறவருடைய கூட்டம், அதில் பேச வேண்டியதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று வலியுறுத்துகிறார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இடத்தை மட்டும் மாற்றினேன். எங்கள் அலுவலகத்தில் கூட்ட அறைகளுக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே ஒருவர் கண் கலங்கினால் தளம் முழுக்கத் தெரியும். ஆகவே சர்வீஸ் ரோட்டில் இருந்த டீக்கடை வரைக்கும் நடந்துவிட்டு வருவோம். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் நம் ஊர்ப் பிள்ளைகள் "ஒண்ணும் இல்லக்கா" என்றுதான் சொல்வார்கள். பெரியவர்களிடம் குறை சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள். "நீ என் இடத்துல இருந்தா இந்த வாரம் எந்த வேலைய நிறுத்தியிருப்ப?" என்று கேட்டுப் பாருங்கள். கொட்டிவிடுவார்கள். ஒரு தடவை அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலால்தான், எந்த வாடிக்கையாளரும் தொடாத ஒரு ரிப்போர்ட்டை இரண்டு டெவலப்பர்கள் கட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

இனி ஓர் இரவைப் பற்றி. 2019இல் ஒரு மாதம், தேதி 10. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை அறிக்கையைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அன்று ஆன்-காலில் இருந்த பையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். ஒரு கடைக்காரர் போன் செய்து, தன் பில்களில் 5 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 18 என்று வருகிறது, மாற்றிக்கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். பையன் டேட்டாபேஸில் நேரடியாக மாற்றக் கட்டளை எழுதினான். எந்தக் கடை என்று குறிப்பிடும் வரியைச் சேர்க்காமல் ஓட்டிவிட்டான். அத்தனை கடைகளின் அத்தனை பில்களும் 5 சதவீதமாயின.

என் போன் அடித்தது. "அக்கா, புரொடக்‌ஷன்ல எல்லா டாக்ஸ் ரேட்டும் மாறிடுச்சு. நான்தான் பண்ணேன். வேர் கண்டிஷன் போட மறந்துட்டேன்." குரல் நடுங்கியது. ஆனால் சேதி முழுசாக இருந்தது. என்ன நடந்தது, யார் செய்தது, எப்படி, எல்லாம் ஒரே மூச்சில். கட்டளை ஓடி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த ஐந்து நிமிடம்தான் எங்களைக் காப்பாற்றியது. இரவு பதினொரு மணிக்கும் ஓட்டல்களும் மருந்துக் கடைகளும் பில் போட்டுக்கொண்டிருக்கும். நேரம் போகப் போகப் புது பில்கள் தப்பான விகிதத்தோடு கலந்துகொண்டே போகும், பிரித்தெடுப்பது நரகமாகிவிடும். உடனே டேட்டாபேஸில் எழுதுவதை நிறுத்தி, மென்பொருளைப் பார்வைக்கு மட்டும் என்று மாற்றினோம். கட்டளை ஓடுவதற்கு முந்தைய நொடிக்கு டேட்டாபேஸை மீட்டோம். இடையில் விழுந்த கொஞ்சம் பில்களை சப்போர்ட் டீம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. விடிவதற்குள் முடிந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு கடைக்கும் நடந்தது இன்னது என்று ஒளிக்காமல் கடிதம் போனது.

காலையில் விற்பனைப் பிரிவின் தலைவர், யார் செய்தது, பெயர் வேண்டும் என்று மின்னஞ்சல் எழுதினார். நிறுவனர் எல்லாரையும் சேர்த்துப் பதில் எழுதினார். ஒரு வருஷம்கூட ஆகாத ஒருவரின் கையில், எந்தத் தடுப்பும் இல்லாமல், அத்தனை கடைகளையும் மாற்றும் அதிகாரத்தை நாம் கொடுத்துவைத்திருந்தோம், அதை ஏன் கொடுத்தோம் என்றுதான் விசாரிக்கப்போகிறோம் என்பது அதன் சாரம். அந்த விசாரணையின் முடிவில் டேட்டாபேஸில் நேரடியாக எழுதும் உரிமையை நான் உட்பட எல்லாரிடமிருந்தும் எடுத்துவிட்டோம். எந்தத் திருத்தமும் ஒரு சின்னக் கருவி வழியாகத்தான் போக வேண்டும். எத்தனை பதிவுகள் மாறப்போகின்றன என்று அது முதலில் காட்டும். இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் ஓடும். அந்தக் கருவியை எழுதியது அந்தப் பையன்தான். அவனே கேட்டு வாங்கிச் செய்தான்.

கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று இதைவிடப் பெரியது நடந்தது. நள்ளிரவு தாண்டியும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில், அவர் கட்டளையை நிறுத்துவதற்குள், 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாக இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பிற்பாடு வெளியிட்ட விரிவான அறிக்கையில் தங்கள் ஏற்பாடுகளின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எழுதினார்கள். தொழிலில் இருக்கிற நாங்கள் பலரும் எங்கள் பேக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்று அந்த வாரம்தான் சோதித்துப் பார்த்தோம்.

நேர்மாறான இடத்திலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே மாதா மாதம் தவறுகளின் பட்டியல் ஆள் பெயரோடு திரையில் போடப்படும். இங்கிரிமென்ட் அதைப் பொறுத்தது. ஒருமுறை ஒரு டெவலப்பர் தன் திருத்தத்தால் வாடிக்கையாளர் தகவல் சிதைந்ததைக் கண்டுகொண்டு, யாரிடமும் சொல்லாமல் ராத்திரி ராத்திரியாகத் தானே சரிசெய்யப் பார்த்தார். மூன்றாவது நாள் வாடிக்கையாளரே கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குள் பேக்கப்பிலும் சிதைந்த தகவலே சேர்ந்துவிட்டிருந்தது. அந்த டெவலப்பர் நேர்மையற்றவர் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியல் அவரை அப்படி நடக்கவைத்தது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராயப் போனார். நல்ல தலைமையும் ஒத்துழைப்பும் உள்ள வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் பிழைகள் கூடுதலாக இருந்தன. அங்கே செவிலியர்கள் பிழையை வெளியே சொன்னார்கள், மற்ற வார்டுகளில் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெளிந்தது. மேனேஜராக இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் டீமிலிருந்து குறைகளே வராவிட்டால் மகிழாதீர்கள், பயப்படுங்கள்.

கெட்ட சேதி மேலே ஏற வேண்டுமானால், கீழேயும் அது நேர்மையாக இறங்க வேண்டும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு வாடகை வண்டியில் ஊருக்குப் போனவர்கள் உண்டு. கடைகள் மூடிக் கிடந்தன, எங்கள் வருமானமும் அதோடு படுத்தது. ஏப்ரலில் நிறுவனர் எல்லாரையும் வீடியோ அழைப்பில் கூட்டி, வங்கியில் எவ்வளவு இருக்கிறது, இதே செலவு போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று திரையில் காட்டினார். அவர் சம்பளம் முழுக்க நின்றது. எங்களைப் போன்ற மூத்தவர்களுக்குப் பெரிய வெட்டு. அடிமட்டச் சம்பளக்காரர்களுக்கு வெட்டே இல்லை. அதையும் தாண்டி, கடை கடையாக ஏறி இறங்கும் கள விற்பனைக் குழுவை வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் ஒவ்வொருவரிடமும் அவரே போனில் பேசினார். சிலர் திட்டினார்கள், கேட்டுக்கொண்டார். மூன்று மாதச் சம்பளமும், அந்த வருடம் முடியும்வரை குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடும் கொடுத்தோம். அந்த ஆண்டில் காப்பீடு என்பது உயிர் விஷயம்.

அதற்கு முந்தைய ஆண்டுவிழாக்களில் மேடையில் ஏறியவர்கள் எல்லாரும் "நாம எல்லாரும் ஒரு குடும்பம்" என்று சொல்வது வழக்கம். ஏப்ரலுக்குப் பிறகு நிறுவனர் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அது சரியென்றே நினைக்கிறேன். குடும்பத்தில் யாரையும் பணம் இல்லை என்று வெளியே அனுப்புவதில்லை. சேர்ந்து வேலை செய்கிற இடம் என்று சொன்னால் போதும். கணக்கைக் காட்டுவதும் வாக்குக் கொடுத்ததைச் செய்வதும் அதற்குப் போதுமான மரியாதை.

பங்கு விஷயத்திலும் அப்படித்தான். சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் பட்டியலானபோது, அதன் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பின் எங்களிடம் சேர வந்தவர்கள் எல்லாரும் ஈசாப் எவ்வளவு என்று கேட்டார்கள். நாங்கள் வெள்ளைப் பலகையில் தமிழில் எழுதி விளக்கினோம். இது பங்கு இல்லை, பின்னால் குறிப்பிட்ட விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை. நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உங்களுடையதாகும், முதல் வருடம் முடியுமுன் போனால் ஒன்றும் கிடையாது. வாங்கும் அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளமாகக் கருதி வரி போடுவார்கள், பங்கை விற்றுப் பணம் கைக்கு வந்திருக்காவிட்டாலும். நிறுவனம் விலைபோகாவிட்டால் இதன் மதிப்பு பூஜ்யம். இதைக் கேட்டுச் சிலர் சேராமல் போனார்கள். போகட்டும். தங்கை கல்யாணத்துக்கு ஈசாபை நம்பியிருந்த ஒரு பையனை வேறொரு நிறுவனத்தில் பார்த்திருக்கிறேன், அவனுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றிலும் கடினமான கெட்ட சேதி, அதிகப் பணம் கொண்டுவருகிறவரைப் பற்றிய புகார். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் பாலியல் புகார்களுக்கான உள்குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பல ஸ்டார்ட்அப்களில் ஐம்பது, நூறு பேர் ஆகும்வரை இந்தக் குழு காகிதத்தில்கூட இருப்பதில்லை. எங்களிடம் இருந்தது. நானும் அதில் இருந்தேன். விற்பனையில் முதலிடத்தில் இருந்த ஒருவர் மேல் புகார் வந்தபோது, மேலிருந்து ஒரே கேள்விதான் வந்தது: விசாரணைக்கு என்ன உதவி வேண்டும்? நாங்கள் விசாரித்தோம், அவர் வெளியேற்றப்பட்டார். அந்தக் காலாண்டு விற்பனை இலக்கு தவறியது. அடுத்த சில மாதங்களில் வேறு விஷயங்கள் பற்றி, சம்பள வித்தியாசம், இரவு ஷிஃப்ட் வண்டி, ஒரு மேனேஜரின் கெட்ட வாய் என்று, பெண்கள் தாமாக வந்து பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முன் அந்தக் குறைகள் இல்லாமல் இருந்தன என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இந்த ஆண்டு கேம்பஸ் முடித்து ஸ்டார்ட்அப்பில் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்டர்வியூ முடிவில், "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்பார்கள். கட்டாயம் கேளுங்கள். கடைசியாக உங்கள் சர்வர் படுத்தது எப்போது, அதற்குக் காரணமானவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். உள்குழுவில் இருக்கும் வெளி உறுப்பினர் யார் என்று கேளுங்கள். கையில் எத்தனை மாதப் பணம் இருக்கிறது என்று கேளுங்கள். தமிழில் கேட்கத் தோன்றினால் தமிழிலேயே கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடமாக இருந்தால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் சேராதீர்கள்.